காளவாசல் கணக்கு

காரைக்குடிப் பக்கம் நண்பர் ஒருவர் தன் பூர்வீக வீட்டைப் பழுதுபார்க்கிறார். "ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், போனேன். பின்கட்டு முற்றத்தில் செங்கல் வைத்து ஒரு தொட்டி கட்டியிருந்தார்கள். கொத்தனார் சாக்கை அவிழ்த்து வெள்ளைக் கட்டிகளைத் தொட்டிக்குள் கொட்டினார். வாளித் தண்ணீரை ஓரமாகச் சாய்த்தார். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடியிலிருந்து ஒரு முனகல். ஒரு கட்டி வெடித்தது, அடுத்தது வெடித்தது, தொட்டி முழுவதும் கொதித்து ஆவி எழும்பியது. அதோடு அந்த மணமும் வந்தது. நனைந்த கல்லின் மணம், சூடேறிய மண்ணின் மணம், தொண்டையில் லேசாகக் காறும் ஒரு நெடி. சுண்ணாம்பு தாளிக்கும்போது மட்டும் வரும் மணம் அது. எத்தனையோ வருடங்களாக என் மூக்கை எட்டாதது.

நண்பர் தூண்களைப் பற்றியும் பர்மா தேக்கைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எங்கள் ஊர்க் காளவாசல்தான் கண்ணுக்குள் நின்றது.

திருநெல்வேலிச் சீமையில் அன்று சிறிய ஊர்களில்கூட ஒரு சுண்ணாம்புக் காளவாசல் இருக்கும். எங்கள் ஊரில் அது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஆள் நடமாட்டம் குறைந்த பொட்டலில் இருந்தது. கல்லும் மண்ணும் வைத்து ஆள் உயரத்துக்கு மேல் எழுப்பிய வட்டச் சுவர். மேலே திறந்த வாய், அடியில் காற்று ஏற ஓட்டைகள். ஓர் அடுக்கு கரி, ஓர் அடுக்கு ஓடைக்கல், மறுபடி கரி, மறுபடி கல் என்று வாய்வரை நிரப்பிக் கீழே தீ வைப்பார்கள். இரவில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் அந்தத் திசையில் ஒரு சிவப்பு தெரியும். தீ மூட்டிய நாளில் ஊருக்குள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேட்காமலே தெரிந்துவிடும்.

காளவாசலை நடத்தியவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். கை கால் எல்லாம் வெடித்து வெளுத்திருக்கும். வேலை முடிந்ததும் தேங்காயெண்ணெயைக் குழைத்துக் குழைத்துத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பள்ளி விட்டதும் வாய்க்கால் கரையோடு நடந்து அங்கே போய் நிற்பது எனக்குப் பழக்கம். ஒரு சாயங்காலம் ஆறிப்போன காளவாசலிலிருந்து சுட்ட கல்லை அள்ளிக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டியதும் முதலில் தன் துண்டால் என் உள்ளங்கையை ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டார். பிறகுதான் ஒரு கல்லை வைத்தார்.

கல் உள்ளே போனபோது எப்படி இருந்ததோ அப்படியேதான் வெளியே வந்திருந்தது. அதே மூலை, அதே விரிசல், அதே அளவு. நிறம் மட்டும் வெளுத்திருந்தது. ஆனால் கையில் கனமே இல்லை.

"என்ன அண்ணாச்சி, பாதிக் கனம்கூட இல்லியே?"

"பாரம் மேல போயிட்டுடே. தீ உள்ள போயிட்டு."

"தீ உள்ள இருந்தா சுடணும்லா?"

"ஒறங்குதுல. தண்ணி ஊத்துனா முழிச்சிக்கிடும்."

சொன்னதோடு நிற்காமல் ஒரு கொட்டாங்கச்சியில் அந்தக் கல்லைப் போட்டு, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, வாய்க்கால் தண்ணீரைத் தெளித்தார். கல் சீறியது, பிளந்தது, மாவாக உதிர்ந்தது. தண்ணீரை ஊற்றினால் தீ அணையும் என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். தண்ணீரே ஒரு கல்லைக் கொதிக்க வைப்பதை அன்றுதான் பார்த்தேன்.

அண்ணாச்சிக்கு மழை என்றால் பயம். வானம் கருத்தால் சுட்ட கல்லைத் தகரக் கொட்டகைக்குள் அள்ளிப் போடுவதற்கு வீட்டு ஆட்கள் எல்லோரும் ஓடி வருவார்கள். வைக்கோல் பரப்பிய வண்டியில் சுண்ணாம்புக்கல் ஏற்ற விடமாட்டார். வழியில் மழை பிடித்தால் கல் நீறி, அந்தச் சூட்டில் வைக்கோல் பற்றிக்கொள்ளும். மழையில் வண்டி எரிந்த கதையை அவர் சொல்லும்போது கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், அவர் சிரிக்கமாட்டார். இன்னொரு கட்டளையும் உண்டு. மார்கழிப் பனிக்குக் காளவாசல் சூடு இதமாக இருக்கிறதென்று யாரும் அதன் ஓரத்தில் படுத்துத் தூங்கக் கூடாது. "காத்து கெட்டது" என்பார். கல்லிலிருந்து பிரிந்து வரும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, ஆறியபின் பள்ளத்தில் தங்கும். கரி சரியாக எரியாதபோது வரும் இன்னொரு வாயுவோ மணமே இல்லாமல் ஆளைக் கொல்லும். இதெல்லாம் நான் பிறகு படித்தது. அவருக்கு அவருடைய அப்பா சொல்லிக் கொடுத்தது.

பொங்கலுக்கு முன்னால் ஊரே வெள்ளையடிக்கும். அண்ணாச்சி வீட்டு ஆட்கள் கடகப்பெட்டியில் சுட்ட கல்லைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாக வருவார்கள். எங்கள் வீட்டில் ஆச்சிதான் வாங்குவாள். வேகாத கல் கலந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பாள். கனமாக இருந்தால் நடுவில் வேகவில்லை என்று பொருள். அதைத் திருப்பிப் பெட்டியிலேயே போட்டுவிடுவாள். கனத்தை வைத்து ஒரு வேதிவினை முடிந்ததா இல்லையா என்று அவள் தீர்ப்புச் சொன்னாள் என்பது எனக்கு விளங்கக் கல்லூரிவரை போகவேண்டியிருந்தது.

பழைய அண்டாவில் தாளிப்பு நடக்கும். குழந்தைகள் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும். கொதி அடங்கியதும் ஒருநாள் இரண்டுநாள் ஊறவைத்து, சாக்கில் வடிகட்டி, கொஞ்சம் சோற்றுக் கஞ்சி, ஒரு சிட்டிகை நீலம். தாழை விழுதைத் தட்டி நார் பிரித்த மட்டையால் அடிப்பார்கள். அடிக்கும்போது சுவர் சாம்பல் நிறமாக, ஈரமாக, ஏமாற்றமாக இருக்கும். மறுநாள் காலையில் கண் கூசும். முதல் சில நாள் சாய்ந்தால் முதுகில் ஒட்டும். மாசியில் ஒட்டுவது குறையும். அடுத்த பொங்கலுக்குள் அதே சுவரை நகத்தால் சுரண்டினால் நகம்தான் தேயும். காய்ந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னோம். ஆனால் அங்கே நடந்தது வெறும் காய்தல் இல்லை. வெள்ளை, காற்றிலிருந்து எதையோ வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிக்கொண்டிருந்தது.

ஆச்சிக்குச் சுவருக்கு ஓடைக்கல் சுண்ணாம்பு, வாய்க்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. கடற்கரையிலிருந்து கிளிஞ்சல் சுட்டு வரும் சுண்ணாம்பைத்தான் வெற்றிலையில் தடவுவாள். கல் சுண்ணாம்பு நாக்கைப் பொத்துவிடும் என்பாள். பித்தளைக் கரண்டகத்தில் அது எப்போதும் ஈரமாக இருக்கவேண்டும். மூடியைச் சரியாக மூடாவிட்டால் மேலே ஏடு கட்டும், அதற்கு ஏச்சு விழும். ராத்திரி ஒற்றையடிப் பாதையில் ஒருத்தி வந்து சுண்ணாம்பு கேட்டால் கையால் எடுத்துக் கொடுக்கக் கூடாது, பாக்குவெட்டி முனையில்தான் நீட்டவேண்டும், இரும்பைக் கண்டால் பேய் ஓடிவிடும் என்ற கதையை அவள் சொல்லாத கோடை விடுமுறை இல்லை.

ஆரத்தி கரைப்பதும் அவள் கையால்தான். தாம்பாளத் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து, விரல் நுனிச் சுண்ணாம்பைத் தொட்டுக் கலக்குவாள். மஞ்சள் நொடியில் குங்குமச் சிவப்பாகும். ஒரு முறை ஆரத்தி சுற்றி முடிந்த தண்ணீரில் நான் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்துவிட்டேன். சிவப்பு போய் மஞ்சள் திரும்பியது. மறுபடி சுண்ணாம்பு போட்டேன், மறுபடி சிவப்பு. சுண்ணாம்பு மஞ்சளின் மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கிறது. புளிப்பு அதைத் திருப்பிக் கொடுக்கிறது. ஓர் அணுவின் துகள் போவதும் வருவதும் தாம்பாளம் முழுக்க நிறமாகத் தெரிகிறது. மஞ்சள் கறை பட்ட வேட்டியில் சோப்புப் போட்டதும் சிவப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கண்ணுக்கு எதிரே ஒன்று சேர்வதும் பிரிவதும் இவ்வளவு எளிதாக நடக்கும்போது, வேதியியல் என்றால் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவை என்று நாம் ஏன் நினைத்துக்கொண்டோம் என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

அப்படி நினைக்காத ஒரு வாத்தியார் எனக்குக் கிடைத்தார். உயர்நிலைப் பள்ளியில் எங்களுக்கு இரசாயனம் எடுத்தவர். கரியமில வாயு சுண்ணாம்பு நீரைப் பாலாக்கும் என்பதை எல்லோரும் மனப்பாடம் செய்திருந்தோம். அவர் தன் வீட்டிலிருந்தே சுண்ணாம்பைக் கொண்டுவந்து, தண்ணீரில் கலக்கி, தெளிய வைத்து, ஒவ்வொருவராகக் கண்ணாடிக் குழாயால் ஊதச் சொன்னார். பாலாயிற்று. மற்ற பள்ளிகளில் அதோடு மணி அடித்திருக்கும். சார் "இன்னும் ஊது" என்றார். கன்னம் வலிக்க ஊதினேன். பால் மெல்லத் தெளிந்து மறுபடி தண்ணீராயிற்று. பிறகு அதை அடுப்பில் வைத்தார். கொதிக்கக் கொதிக்க மீண்டும் வெள்ளை படிந்தது.

"முதல்ல ஊதினப்போ என்ன வந்துது? சுண்ணாம்புக்கல். உன் மூச்சு கல்லாச்சு. இன்னும் ஊதினப்போ அந்தக் கல்லே கரைஞ்சுது. சூடு காட்டினதும் கரைஞ்சது பிரிஞ்சு மறுபடி கல் விழுந்துது. உங்க வீட்டு வெந்நீர் அண்டா அடியில பாத்திருக்கியா?"

பார்த்திருக்கிறேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் காய்ச்சிய அண்டாவின் அடியில் ஓடு கட்டியிருக்கும். ஆச்சி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பாள். மழைநீர் மண்ணிலிருந்து கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக் கிணற்றுக்குக் கொண்டுவருகிறது. அடுப்பு அதைப் பிரித்துப் பாறையாகவே திருப்பிவிடுகிறது. குகைகளின் கூரையிலிருந்து கல் விழுதுகள் தொங்குவதும் இதே கதைதான். அங்கே அடுப்பு இல்லை, நேரம் இருக்கிறது.

ஜோசப் பிளாக்கைப் பற்றி எனக்குச் சொன்னவரும் அவர்தான். எடின்பரோவில் மருத்துவம் படித்த இளைஞர் பிளாக். அந்தக் காலத்தில் சிறுநீரகக் கல்லுக்குச் சுண்ணாம்பு நீரை மருந்தாகக் கொடுத்தார்கள். சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பு நல்லதா, கல்லைச் சுட்டது நல்லதா என்று அங்கே இரண்டு பேராசிரியர்கள், ராபர்ட் வைட் என்பவரும் சார்லஸ் ஆல்ஸ்டன் என்பவரும், கடுமையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆச்சியின் வழக்கு அங்கேயும் நடந்திருக்கிறது! பெரியவர்கள் சண்டைக்குள் மாட்டிக்கொள்ளாமல் பிளாக் மக்னீசியாவை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். பிறகு சுண்ணாம்புக்கும் வந்து சேர்ந்தார். 1754இல் பட்டத்துக்கான ஆய்வேடு, 1756இல் விரிவான கட்டுரை.

அதுவரை அறிஞர்களின் நம்பிக்கை அண்ணாச்சியின் நம்பிக்கையேதான். சூளைத் தீயிலிருந்து ஏதோ ஒரு தீப்பொருள் கல்லுக்குள் நுழைகிறது, அதனால்தான் சுட்ட சுண்ணாம்பு நாக்கைப் பொசுக்குகிறது, தண்ணீரில் கொதிக்கிறது என்றார்கள். பிளாக் செய்தது தராசை எடுத்ததுதான். சுடுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்தார். கல் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை, இழந்திருந்தது. இழந்தது ஒரு காற்று. அந்தக் காற்று மெழுகுவத்தியை அணைத்தது. நாம் மூச்சாக வெளியே விடுவதும் அதுவே. சுட்ட சுண்ணாம்புக்குச் சாம்பல் உப்பு வழியாக அந்தக் காற்றைத் திருப்பிக் கொடுத்தபோது கிட்டத்தட்டப் பழைய எடைக்கே வந்து நின்றது. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோ மிஞ்சும், 44 கிலோ வானத்துக்குப் போகும் என்பது இன்று பாடப்புத்தகக் கணக்கு. அண்ணாச்சி சொன்னதில் "பாரம் மேல போயிட்டு" என்பது முழுக்கச் சரி.

ஏன் போகிறது? கல்லுக்குள் ஒவ்வொரு கால்சியத்தின் பக்கத்திலும் ஒரு கார்பனும் மூன்று ஆக்சிஜனும் சேர்ந்த கூட்டம் ஒன்று இருக்கிறது. சூடு ஏற ஏற அந்தக் கூட்டம் உதறுகிறது. 900 பாகை செல்சியஸை நெருங்கும்போது கார்பன் இரண்டு ஆக்சிஜனோடு வாயுவாகக் கிளம்பிவிடுகிறது. மூன்றாவது ஆக்சிஜன் கால்சியத்தோடு தங்கிவிடுகிறது. கிளம்பிய வாயு வெளியேறவும் வழி வேண்டும். அதனால்தான் காளவாசலுக்கு மேலே வாய், கீழே ஓட்டை. 1800களின் தொடக்கத்தில் சர் ஜேம்ஸ் ஹால் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சுண்ணாம்புப் பொடியைத் துப்பாக்கிக் குழலுக்குள் அடைத்து, இறுக மூடி, கடும் சூடு கொடுத்தார். வாயு போக இடமில்லாததால் கல் பிரியவில்லை. பொடி இறுகிப் பளிங்கின் தன்மையுள்ள கல்லாயிற்று. பிரிவதற்குச் சூடு மட்டும் போதாது, போக ஓர் இடமும் வேண்டும்.

சுட்ட சுண்ணாம்பையே பிரிக்க முடியாத தனிப்பொருள் என்று லவாய்சியே 1789இல் தன் பட்டியலில் எழுதினார். 1808இல் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தைக் கொண்டு அதையும் பிரித்து உள்ளே இருந்த உலோகத்தை வெளியே எடுத்தார். அதுதான் கால்சியம். எந்த அடுப்பாலும் முடியாததை மின்கலம் செய்தது.

சார் அடிக்கடி சொல்லி எங்கள் மண்டையில் ஏற்றிய ஒன்று உண்டு. "பிரிக்கச் செலவு, சேர்ந்தா வரவு." பிணைப்பை உடைத்தால் சக்தி வெளியே வரும் என்று எவனாவது விடைத்தாளில் எழுதினால் பெரிய முட்டை போடுவார். விறகு எரிந்து சூடு வருவது அதில் ஏதோ உடைவதால் இல்லை; உடைக்க ஆகும் செலவைவிட, கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனோடு புதிதாகச் சேரும்போது வருவது அதிகம், அந்த மிச்சம்தான் நம் சோற்றை வேகவைக்கிறது. இது பெரிய படிப்புப் படித்தவர்களுக்கும் இன்றும் குழம்பும் இடம். அவர் மாணவர்களுக்குக் குழம்பாது.

அவர் சுண்ணாம்புக் கணக்கைக் கரும்பலகையில் போட்ட அந்த வகுப்பை நான் மறக்கவே மாட்டேன். அன்று கலோரியில் போட்டார், நான் இன்றைய அலகில் சொல்கிறேன். 100 கிராம் சுண்ணாம்புக்கல்லைப் பிரிக்கக் காளவாசல் தீ செலவழிக்கவேண்டியது 178 கிலோஜூல். அதிலிருந்து கிடைத்த 56 கிராம் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீரை ஊற்றினால் 65 கிலோஜூல் வெளியே வருகிறது. அண்டா கொதிப்பது அதில்தான். நீறிய சுண்ணாம்பு சுவரில் இருந்துகொண்டு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கிக் கல்லாகும்போது இன்னொரு 113 வருகிறது. சார் சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு "கூட்டு" என்றார். 65ம் 113ம் 178. தீ கொடுத்த கடன் ஒரு பைசா குறையாமல் வீடு திரும்பிவிட்டது.

எந்த வழியாகச் சுற்றிப் போனாலும் தொடக்கமும் முடிவும் ஒன்றானால் மொத்த வெப்பக் கணக்கு மாறாது. இதை ஜெர்மைன் ஹெஸ் 1840இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்துகொண்டு நிறுவினார். அந்தப் பெயர் எங்களுக்குப் பல்கலைக்கழகத் தேர்வில்தான் தேவைப்பட்டது. ஆனால் வெள்ளையடித்த ஒரு சுவரை வைத்து அதை விளக்கியவர் எங்கள் சார்தான்.

கல்லூரி விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். காளவாசலில் அப்போதே தீ மூட்டுவது குறைந்திருந்தது. திண்ணையில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப தீ உள்ள இல்லங்கியா?"

"தீ இல்ல அண்ணாச்சி. ஆனா தீ பட்ட பாடு உள்ளதான் இருக்கு. தண்ணி ஊத்தும்போது மூணுல ஒரு பங்குதான் வெளிய வருது."

"மிச்சம் ரெண்டு பங்கு?"

"சுவத்துல. வெள்ளை கல்லாகும்போது வரும்."

"சுவத்தத் தொட்டா சுடலியேப்பா."

"ரொம்ப மெதுவா வருது. பூச்சுக்கு மாசக்கணக்கு, தடிச்ச சுவரா இருந்தா வருசக்கணக்கு. அதான் தெரியல."

கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் அவருடைய சுண்ணாம்பு ஏறாத சுவர் ஒன்றும் கிடையாது. "எங்க அய்யா சுட்ட சூடுல்லாம் இன்னும் வந்துக்கிட்டிருக்குமாம்" என்றார், என்னிடம் இல்லை, உள்ளே இருந்த மனைவியிடம்.

தீயைப் பற்றி அவர் சொன்னதும் பிளாக் சொன்னதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நான் அதன் பிறகு நினைத்ததில்லை. பொருள் கல்லிலிருந்து போயிற்று என்பதைத் தராசு காட்டியது. செலவு கல்லிலேயே நின்றது என்பதை அவர் கை அறிந்திருந்தது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுத ஐரோப்பாவுக்கே ஒரு நூற்றாண்டுக்குப் பக்கம் ஆயிற்று.

பிறகு சிமெண்ட் வந்தது என்று சொல்லமுடியாது; அது முன்பே எங்கள் பக்கம் வந்துவிட்டது. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாழையூத்தில் 1949இலேயே ஆலை ஓடத் தொடங்கியது. அதே சுண்ணாம்புக்கல், கூடக் களிமண், 1450 பாகைவரை சூடு. ஊர் வீடுகளுக்கு அது மெல்ல இறங்கியது, இறங்கிய பிறகு வேகம் பிடித்தது. சிமெண்ட் சுண்ணாம்பைவிட அவசரமானது. காற்றுக்குக் காத்திருக்காது, தண்ணீரோடு சேர்ந்தே இறுகிவிடும், ஈரத்துக்குள்ளும் இறுகும். பாலத்துக்கும் அணைக்கும் அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டு வீட்டுச் சுவருக்கும் திண்ணைக்கும் அதுவே என்றானபோது காளவாசல்கள் ஒவ்வொன்றாக அவிந்தன. மதுரையில் காளவாசல் என்ற நிறுத்தத்தில் இறங்கினால் பேருந்துகளைத்தான் பார்க்கலாம். எங்கள் ஊர்க் காளவாசல் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம்.

கான்கிரீட்டும் காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்குகிறது. சுண்ணாம்புச் சுவருக்கு அது பலம். கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு அது கேடு. உள்ளே இருக்கும் காரத்தன்மைதான் இரும்புக் கம்பியைத் துரு பிடிக்காமல் காக்கிறது. வாயு உள்ளே இறங்க இறங்கக் காரம் போகிறது, கம்பி ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் சேர்ந்து துருவாகிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். இடம் இல்லாதபோது கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். நான் முன்பு வாடகைக்கு இருந்த ஓர் அடுக்குமாடி வீட்டில் படுக்கையறைக் கூரை அப்படித்தான் ஒரு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி சிவந்து தெரிந்தது. கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

திருமலை நாயக்கர் மகாலுக்கு இரும்புக் கம்பி இல்லை. 1636இல் செங்கல்லையும் சுண்ணாம்பையும் நம்பி எழுப்பியது. அதன் தூண்களின் வழவழப்பு கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த பூச்சு என்று சொல்வார்கள். அங்கே போகும்போதெல்லாம் ஒரு தூணில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். நாயக்கர் காலத்துக் காற்றில் இருந்த கரியமில வாயு அந்தப் பூச்சுக்குள் கல்லாக நிற்கிறது. அன்று மதுரைத் தெருக்களில் நடந்தவர்களின் மூச்சும், எரிந்த அடுப்புகளின் புகையும் அதில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். இதை நான் வருணனைக்காகச் சொல்லவில்லை, வேதியியல் அப்படித்தான்.

நண்பர் வீட்டு முற்றத்தில் கொத்தனார் இன்னொரு தொட்டியில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறப்போட்டிருந்தார். புளித்த வாடை. கருப்பட்டி எதற்கு என்று நண்பர் கேட்டதற்கு "பிடிப்புக்கு" என்றார். சர்க்கரை இருக்கும் தண்ணீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும். வெறும் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு இரண்டு கிராம்கூடக் கரையாது. கரைந்தது நிறைய இருந்தால் காற்றிலிருந்து வரும் வாயுவுக்குப் பிடித்துக்கொள்ள ஆள் நிறைய இருக்கும். கொத்தனாரின் ஒற்றைச் சொல்லில் இவ்வளவும் அடங்கியிருந்தது.

வேலையை மேற்பார்த்த பொறியாளர் ஒரு இளம் பெண். பையிலிருந்து சிறு தெளிப்பான் ஒன்றை எடுத்தார். பினாப்தலீன்! கல்லூரி ஆய்வுக்கூடத்தில் காரம் ஒரு துளி அதிகமானால் சிவந்துபோய், மறுபடி முதலிலிருந்து தொடங்கவைக்கும் அதே திரவம். காரம் இருந்தால் இளஞ்சிவப்பு, இல்லாவிட்டால் நிறமில்லை. உடைந்து விழுந்த பழைய பூச்சில் அடித்தார். ஒரு நிறமும் வரவில்லை. மேலிருந்து அடிவரை அது முழுக்கக் கல்லாகி முடிந்துவிட்டது. சென்ற மாதம் பூசிய மாதிரிப் பூச்சு ஒன்றைத் தட்டி எடுத்து, உடைந்த முகத்தில் அடித்தார். விளிம்பில் ஒரு மெல்லிய கோடு வெள்ளையாக நிற்க, உள்ளே முழுக்கக் கண்ணைப் பறிக்கும் சிவப்பு. கணக்கு இன்னும் தீரவில்லை.

"இதுல எப்ப பெயிண்ட் அடிக்கலாம்? மகளுக்குக் கல்யாணம் தையில" என்றார் நண்பர். கடையில் பிளாஸ்டிக் பெயிண்டுக்குச் சொல்லி வைத்திருந்தார், நிறம்கூடத் தேர்ந்தாயிற்று.

கொத்தனார் தலையை ஆட்டினார். "அத அடிச்சா மூஞ்சிய மூடுன மாதிரிங்க. சுவரு மூச்சு விடாது. உள்ள பச்சையாவே நிக்கும்."

பொறியாளரும் அதையேதான் சொன்னார், வேறு சொற்களில்: அந்தப் படலம் ஈரம் வெளியேறுவதையும் வாயு நுழைவதையும் தடுக்கும், பூச்சு இறுகாது, பிறகு பாளம் பாளமாக உரியும். நண்பர் என்னைப் பார்த்தார். நான் ஒரு சிமெண்ட் சாக்கைக் கிழித்து அதன் உட்புறத்தில் 178ஐயும் 65ஐயும் 113ஐயும் எழுதிக் காட்டி, சுவர் இன்னும் வாங்கவேண்டிய பங்கைச் சொன்னேன். அவர் கணக்கு வழக்கில் கெட்டிக்காரர். இரண்டு முறை கூட்டிப் பார்த்தார்.

பெயிண்டை வேண்டாம் என்று கடைக்குப் போன் செய்துவிட்டார். கல்யாணத்துக்கு வெள்ளைதான், கிளிஞ்சல் சுண்ணாம்பு, மூன்று கை. கடற்கரைப் பக்கம் இன்னும் ஒருவர் சுடுகிறாராம். முன்பணம் கொடுத்தால்தான் தீ மூட்டுவாராம். கொத்தனாரிடம் எண் இருந்தது. நண்பர் அங்கேயே நின்று பேசி, மார்கழிக்குள் வந்து சேரவேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி, பணத்தை அனுப்பினார்.